விமானங்களுக்கு வழிகாட்டுவது யார் கையில் இருக்க வேண்டும்? வடசென்னையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறேன். அவர்களில் சிலர் ஏ.டி.சி. வேலைக்கு, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு, தேர்வு எழுதுகிறார்கள். "அண்ணே, இதையும் தனியாருக்குக் கொடுத்துடுவாங்களா?" என்று ஆரம்பித்த ஒரு கேள்வி பல வாரம் ஓடியது. பிள்ளைகள் கேட்டதும், கூட்டிப்போக வந்த அப்பா அம்மாக்கள் வாசலில் நின்று கேட்டதும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலை அரசின் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் அதன் பணத்திலும் ஆள் கணக்கிலும் வேறு யாரும் கைவைக்க முடியாத மாதிரி அது தனியாக நிற்க வேண்டும்.

ஏ.டி.சி. என்ன செய்கிறது? பைலட்டுக்கே வழி தெரியாதா?

வழி தெரியும். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பதுதான் முழுதாகத் தெரியாது. மேகத்துக்குள், ராத்திரியில், மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போகும்போது கண்ணால் பார்த்து ஒதுங்க நேரம் கிடையாது. தரையில் இருக்கும் ஒருவர் ரேடார் திரையைப் பார்த்து, "நீ இந்த உயரத்தில் இரு, நீ பத்து டிகிரி வலப்பக்கம் திரும்பு" என்று எல்லோருக்கும் சொல்கிறார். மேலே செல்லும் இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தது ஆயிரம் அடி உயர வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரே உயரம் என்றால் ரேடார் எல்லைக்குள் பொதுவாக ஐந்து கடல் மைல் இடைவெளி, ரேடார் எட்டாத நடுக்கடலில் அதைவிடப் பல மடங்கு. அந்த இடைவெளியைக் காப்பதுதான் இந்த மொத்த வேலையும்.

இதில் மூன்று படி உண்டு. ஓடுபாதையையும் அதை ஒட்டிய வானத்தையும் பார்ப்பது டவர். இறங்க வருகிறவர்களை வரிசைப்படுத்தி, ஏறிப் போகிறவர்களைப் பிரித்து விடுவது அப்ரோச். அதற்கும் மேலே, ஊர்விட்டு ஊர் போகிற விமானங்களைப் பார்ப்பது ஏரியா கன்ட்ரோல். கண்ணாடிக் கூண்டு வைத்த கோபுரத்தைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். பெரும்பாலான வேலை ஜன்னலே இல்லாத அறையில் நடக்கிறது.

வகுப்பில் இதை எப்படிப் பழகுகிறோம் என்று சொன்னால் புரியும். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போடுவோம். ஒரு பிள்ளை கன்ட்ரோலர், இன்னொன்று பைலட். முகம் பார்க்கக்கூடாது, குரல் மட்டும்தான். பன்னிரண்டாயிரம் அடி என்பதை "ட்வெல்வ் தவுசண்ட்" என்று சொல்லக்கூடாது, "ஒன் டூ தவுசண்ட்". ஒன்பது என்பது "நைனர்", மூன்று என்பது "ட்ரீ". சொன்னதை பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொன்னதில் தப்பு இருந்தால் கன்ட்ரோலர் பிடிக்க வேண்டும். போன மாதம் ஒரு பெண் வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றித் திருப்பிச் சொன்னாள். கன்ட்ரோலராக இருந்த பையன் "ஓகே" என்றுவிட்டான். கூடம் முழுக்க ஒரு நிமிஷம் பேச்சே இல்லை.

ஏர்போர்ட் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் இதில் என்ன?

ராத்திரி கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். மிக உயரத்தில் சின்ன விளக்கு ஒன்று ஊர்ந்து போகும். அது சென்னையில் இறங்காது, இந்தியாவிலேயே இறங்காமலும் போகலாம். ஆனாலும் அதோடு பேசிக்கொண்டிருப்பது சென்னைக் கட்டுப்பாட்டு மையம்தான். இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியாவின் வானமும் வங்கக் கடலின் பெரிய பரப்பும் சென்னையின் பொறுப்பு. வெள்ளத்திலோ புயலிலோ ஏர்போர்ட் மூடினால்கூட மேலே போகிறவர்களுக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது இதை நடத்துவது யார்? டெல்லி, பெங்களூரு ஏர்போர்ட்டெல்லாம் தனியார்தானே?

ஏர்போர்ட் தனியார், வானம் அரசு. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

1995 ஏப்ரல் 1-ஆம் தேதி உருவான இந்திய விமான நிலைய ஆணையம் என்ற மத்திய அரசு நிறுவனம்தான் நாட்டின் சிவில் ஏ.டி.சி.யை நடத்துகிறது. டெல்லி, மும்பை 2006-இல் தனியார் கைக்குப் போயின. அதற்குப் பிறகு மங்களூரு, திருவனந்தபுரம் போன்றவையும் போயின. அங்கே கட்டடம், கடை, பார்க்கிங், ஓடுபாதைப் பராமரிப்பு எல்லாம் தனியாரிடம். விமானத்தோடு பேசும் குரல் மட்டும் ஆணையத்தின் ஊழியருடையது. சென்னையில் ஏர்போர்ட்டும் ஆணையத்திடமே இருக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு இது புது விஷயமே இல்லை, துறைமுகத்தைப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் டெர்மினல் 2001-லேயே தனியாரிடம் போனது. கிரேன் தனியார், யார்டு தனியார், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரியும் தனியார். ஆனால் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் எப்போது உள்ளே வரலாம் என்று சொல்வதும், துறைமுகப் பைலட் படகில் போய்க் கயிற்று ஏணியில் ஏறிக் கப்பலை உள்ளே கொண்டுவருவதும் துறைமுகத்தின் பொறுப்பு. பெட்டியை இறக்கி வைப்பது வியாபாரம். இரண்டு கப்பல் மோதாமல் பார்ப்பதை வியாபாரக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? நம் வரிப்பணமா?

பெரும்பாலும் இல்லை. விமான நிறுவனங்கள் கட்டணம் கட்டுகின்றன. விமானத்தின் எடையையும் பறக்கும் தூரத்தையும் வைத்து ஒரு கட்டணம், இறங்கும் ஏர்போர்ட்டில் ஒரு கட்டணம். இந்தியாவில் இறங்காமல் நம் வானத்தைக் கடந்து போகிற வெளிநாட்டு விமானமும் கட்ட வேண்டும். கடைசியில் அது டிக்கெட் விலைக்குள் வந்து உட்காருகிறது, தனி வரியாகக் கண்ணில் படாது. ஆகவே "அரசுக்குச் சுமை, அதனால் விற்கிறோம்" என்ற வாதம் இந்தத் துறையில் நிற்காது. இது தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிற வேலை.

வேறு நாடுகளில் தனியாருக்குக் கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள். ஆனால் "தனியார்" என்ற ஒரே சொல்லுக்குள் பல வகை இருக்கிறது.

கனடாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1996-இல் அரசு தன் ஏ.டி.சி. முழுவதையும் நாவ் கனடா என்ற நிறுவனத்துக்கு 150 கோடி கனடிய டாலருக்குக் கொடுத்தது. அதற்குப் பங்குதாரர்களே கிடையாது, லாபம் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நிர்வாகக் குழுவில் விமான நிறுவனங்கள், அரசு, தொழிற்சங்கம் என்று எல்லாத் தரப்பின் ஆட்களும் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது கிட்டத்தட்ட ஒரு கூட்டுறவுச் சங்கம். கருவிகளை வேகமாகப் புதுப்பித்தது, நல்ல பெயரும் எடுத்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது வருமானமும் நின்றது. அப்போது அந்த நிறுவனம் கட்டணத்தைச் சுமார் 30 விழுக்காடு ஏற்றியது, நூற்றுக்கணக்கான ஊழியர்களைக் குறைத்தது. போக்குவரத்து திரும்பி வந்தபோது ஆள் போதவில்லை. ஒரு கன்ட்ரோலரை உருவாக்க ஆண்டுக் கணக்கில் ஆகும். அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்பக் கூப்பிடுகிற வேலை இல்லை இது.

பிரிட்டனில் 2001-இல் நாட்ஸ் என்ற நிறுவனத்தைப் பாதித் தனியார் ஆக்கினார்கள். 49 விழுக்காடு அரசிடம், 46 விழுக்காடு விமான நிறுவனங்களின் கூட்டமைப்பிடம், மீதி ஊழியர்களிடம். சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. அட்லாண்டிக் போக்குவரத்து விழுந்தது, கடன் கழுத்தை நெரித்தது. 2003-இல் அரசு 6.5 கோடி பவுண்டும், ஏர்போர்ட் நிறுவனம் ஒன்று அதே அளவும் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. விற்ற பிறகும் நஷ்டம் அரசின் வாசலுக்குத்தான் வந்தது. எனக்கு இந்த ஒரு பாடம் போதும். ஏ.டி.சி.யை எந்த நாடும் திவாலாக விட முடியாது. திவாலாக முடியாத கம்பெனிக்கு லாபம் ஒரு பக்கம் போகும், ஆபத்து இன்னொரு பக்கம் வரும்.

நியூசிலாந்து 1987-லும் ஜெர்மனி 1993-லும் இதைக் கம்பெனி வடிவத்துக்கு மாற்றின, ஆனால் முழுப் பங்கும் அரசிடமே. ஜெர்மனி அதற்கு மேலும் போய்ப் பெரும்பான்மைப் பங்கை விற்கச் சட்டம் இயற்றியபோது, அது அரசியல் சாசனத்துக்கு ஒத்துவராது என்று 2006-இல் குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

அப்படியானால் அமெரிக்கா? அங்கே அரசுதான் நடத்துகிறதாமே?

ஆமாம், அரசு நடத்தினாலும் எவ்வளவு கெட்டுப்போகலாம் என்பதற்கும் அதுதான் உதாரணம். அங்கே ஏ.டி.சி.யின் பணம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் கையெழுத்தை நம்பி இருக்கிறது. கட்சிகள் சண்டை போட்டுப் பட்ஜெட் நின்றால் கன்ட்ரோலர்களுக்குச் சம்பளம் நிற்கும், வேலை மட்டும் நிற்காது. 2018-19-இல் 35 நாள் அப்படி ஓடியது. 2025-இல் 43 நாள். வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே ஒருவர் ரேடார் முன்னால் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். கருவிகளும் பழசு. ஃப்ளாப்பி டிஸ்க்கையும் காகிதச் சீட்டையும் ஒழிக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் 2025-இல்தான் அறிவித்தார்கள்.

2017-இல் இதை அரசிடமிருந்து பிரித்து லாபநோக்கற்ற நிறுவனமாக்க டிரம்ப் அரசு ஆதரித்த மசோதா வந்தது. சிறு விமானக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பெரிய விமான நிறுவனங்கள் நிர்வாகக் குழுவைப் பிடித்துக்கொண்டால் தங்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும் என்று பயந்தார்கள். 2018-இல் மசோதா கைவிடப்பட்டது. அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ரேஷன் கடை வரிசையை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே யாருக்கு அரிசி மிஞ்சும் என்பது இருக்கிறது?

தனியார் என்றால் விபத்து, அரசு என்றால் பாதுகாப்பு. இப்படிச் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. சொன்னால் செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரி வானத்தில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. தனக்குச் சொன்ன உயரத்தைவிடக் கீழே இறங்கியது கசகஸ்தான் விமானம். அது பைலட் பக்கத்துப் பிழை. ஆனால் டெல்லியில் அப்போது விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் ரேடார் பயன்பாட்டில் இல்லை, வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம். கன்ட்ரோலர் பைலட் வாயால் சொன்னதை நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது. நடத்தியது அரசு. அதன் பிறகுதான் ரேடாரும் மாறியது, மோதல் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமானது.

2002 ஜூலை 1 அன்று, ஜெர்மனியின் உபர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது சுவிட்சர்லாந்தில் கம்பெனி வடிவில் இயங்கிய நிறுவனம், பங்கு கிட்டத்தட்ட முழுக்க அரசுடையது. அன்றிரவு ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார், ஒற்றை ஆள் இரண்டு திரைகளைப் பார்த்தார். பராமரிப்புக்காக முக்கியமான தொலைபேசி இணைப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்து மையத்தில் ஆபத்தைக் கண்டவர்களால் அவரைக் கூப்பிட முடியவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கருவி போதவில்லை, இன்னொன்றில் ஆள் போதவில்லை. உரிமையாளர் யார் என்று கேட்பதற்கு முன், ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக எப்போது தூங்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

நமக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று துறைமுகத்தை விட்டு வெளியேறியது, ஒன்று உள்ளே வந்தது. எண்ணெய் கரைக்கு வந்தது. எர்ணாவூர் கடற்கரையில் மீனவர்கள், கடலோரக் காவல்படை, கல்லூரிப் பிள்ளைகளோடு நானும் வாளியால் அந்தக் கறுப்புக் கூழை அள்ளினேன். தார் மாதிரி கெட்டியாக விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் வாசனை போகவில்லை. கடலில் மோதினால் அள்ளவாவது முடிந்தது.

செல்போன் கம்பெனி மாதிரி போட்டி வந்தால் கட்டணம் குறையும், சேவை கூடும் இல்லையா?

ஒரே வானத்துண்டில் இரண்டு கன்ட்ரோலர் கம்பெனி இருக்க முடியாது. சென்னைக்கு மேலே ஒரு விமானத்துக்கு ஒருவரும் அடுத்த விமானத்துக்கு வேறொருவரும் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? ஆகவே மேல் வானத்தில் போட்டி என்ற பேச்சே எழாது. தனியாருக்குக் கொடுத்தால் அது தனியார் ஏகபோகம்தான்.

டவர் அளவில் மட்டும் ஒப்பந்தப் போட்டி சாத்தியம். அமெரிக்காவில் சிறிய ஏர்போர்ட்டுகளின் 250-க்கும் மேற்பட்ட டவர்களை ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன. லண்டன் கேட்விக் தன் டவரை 2016-இல் வேறு நிறுவனத்துக்கு மாற்றி, 2022-இல் பழைய நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் டவரில் ஆள் பற்றாக்குறை வந்து ஒரு வாரம் விமானங்களின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட வேண்டியிருந்தது.

அரசு நடத்தினால் கருவி வாங்கவே பல வருஷம் ஆகுமே?

உண்மைதான், இதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் டெல்லியில், விமானங்களின் பயணத் திட்டங்களைத் தானாக அனுப்பிவைக்கும் செய்தி மாற்று அமைப்பு படுத்துவிட்டது. கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு திட்டத்தையும் கையால் தயார் செய்தார்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதம். கையால் செய்தாலும் யாருக்கும் ஆபத்து வரவில்லை என்பது அந்த ஊழியர்களின் பெருமை. அமைப்பு பழசாகும் வரை விட்டது நிர்வாகத்தின் குறை.

ஆனால் பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 28 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். வானத்தில் பாதையைக் குறிக்கும் வழிப்புள்ளிகளில் ஒரே பெயருள்ள இரண்டு, ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் வந்தன. கணினி குழம்பி நின்றது, மாற்றாக இருந்த கணினியும் அதே தப்பில் நின்றது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். பாதித் தனியார் நிறுவனத்தின் அமைப்பு அது. தனியார் கைக்குப் போனாலே கணினி திருந்திவிடும் என்பதில்லை.

ராணுவத்துக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. புனேயில் விமானப்படையும், கோவாவின் டபோலிமில் கடற்படையும் பயணிகள் விமானங்களுக்கே ஏ.டி.சி. நடத்துகின்றன. நம் பக்கம் தாம்பரம், அரக்கோணம் இரண்டும் ராணுவ விமானத் தளங்கள், சென்னை கன்ட்ரோலர்கள் அவர்களோடு பேசிப் பேசித்தான் வானத்தைப் பங்கு போடுகிறார்கள். 2015 வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது அரக்கோணத்திலிருந்து பயணிகள் விமானம் இயங்கியது நினைவிருக்கும். நடுவில் ஒரு லாபக் கம்பெனி இருந்தால் இந்தப் பேச்சு ஒப்பந்தச் சரத்தாக மாறிவிடும். அரசு கையில் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நீங்கள் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

விமான நிலைய ஆணையம் ஒரே மடியில் ஏர்போர்ட் வியாபாரத்தையும் ஏ.டி.சி.யையும் வைத்திருக்கிறது. ஏ.டி.சி.யைப் பிரித்துத் தனி அரசு நிறுவனமாக்கும் யோசனை பல வருஷமாகப் பேச்சிலேயே இருக்கிறது. அதைச் செய்யட்டும். முழுப் பங்கும் அரசிடம் இருக்க வேண்டும், பிறகு விற்கக் கதவு திறந்து வைக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். விமானங்கள் கட்டும் வழிக்கட்டணம் ரேடாருக்கும் பயிற்சிக்கும் ஆளுக்கும் மட்டுமே போக வேண்டும், புது டெர்மினலின் சலவைக்கல்லுக்குப் போகக்கூடாது. நல்ல வருஷத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் அடுத்த கொரோனாவில் ஆளைக் குறைக்க வேண்டியிருக்காது.

பணிநேரக் கட்டுப்பாட்டை மேற்பார்வை செய்வது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அதற்கும் போதிய ஆளும் அதிகாரமும் வேண்டும். விதி காகிதத்தில் இருக்கிறது, ஷிஃப்டுக்கு ஆள் இருந்தால்தான் அது அறைக்குள் நடக்கும். கனடாவிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: நிர்வாகக் குழுவில் கன்ட்ரோலர்களின் பிரதிநிதிக்கு நாற்காலி. "இன்று ராத்திரி இத்தனை பேர் போதாது" என்று சொல்ல முடிந்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

நான் கொருக்குப்பேட்டை, பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். தனியார்மயம் வந்தால் இந்த வேலைக்குப் படித்தது வீணாகுமா?

ஆகாது, படியுங்கள். பட்டப்படிப்பில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் போதும், இன்ஜினியரிங் படித்தவர்களும் எழுதலாம். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. தேர்வானால் பிரயாக்ராஜ், ஐதராபாத், கோண்டியா போன்ற இடங்களில் பயிற்சி. அப்புறம் ஒவ்வோர் இருக்கைக்கும் தனித்தகுதி வாங்க வேண்டும். யார் நடத்தினாலும் இந்தத் தகுதி இல்லாமல் மைக்கைத் தொட முடியாது.

ஆங்கிலம் வராது என்று பயப்படாதீர்கள். அங்கே தேவைப்படும் சொற்கள் அளவானவை, தெளிவுதான் முக்கியம். அன்று "ஓகே" என்று சொன்ன பையன் இப்போது ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை கேட்கிறான். போன ஞாயிறு அதே பெண் மறுபடியும் எண்ணை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். "நெகட்டிவ், ஒன் டூ தவுசண்ட்" என்று உடனே திருத்தினான்.